ஏழாம் நாள்வரை திறக்கவிடாத தலைமைச் செவிலியருக்குப் பொறுமை இழந்த புண் சிகிச்சைப் பிரிவினர் வாசித்தளிக்கும் மடல்

புண்பட்டோர் புகலிடமே! கட்டுக் கட்டுவதில் கைதேர்ந்தவரே, கட்டுப்பாட்டில் கல்நெஞ்சரே! ஆறாத புண்ணையும் ஆற வைத்தவரே, ஆறிக்கிடந்த எங்களை அன்றாடம் கொதிக்க வைத்தவரே! இப்பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் எங்களைப் பொறுத்துக்கொண்ட, உண்மையைச் சொன்னால் நாங்கள் பொறுத்துக்கொண்ட பெருந்தகையே! முப்பத்து நான்கு ஆண்டுப் பணியை முழுமையாய் முடித்து இன்று மாலையோடு விடைபெறும் எங்கள் தலைமைச் செவிலியரே, நோயாளிகளின் பெரிய சிஸ்டரே, எங்கள் அக்கா அவர்களே! வணக்கம்.

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஒரு மாதிரி மடல் கொடுத்தார்கள். அதில் பன்னிரண்டு அடைமொழிகள் இருந்தன. ‘சாந்த சொரூபி’ என்பதையும் ‘கடுஞ்சொல் அறியாதவர்’ என்பதையும் அடித்துவிட்டோம். இம்மடல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படப்போகிறது. பொய்யைக் கண்ணாடிக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. எழுதும் பொறுப்பு, துடைத்ததையே துடைப்பவள் என்று நீங்கள் ‘பளிச்’ எனப் பெயர் சூட்டிய செவிலியின் தலையில் விழுந்தது. மடல் எல்லோருடையதுதான். இடையிடையே ‘நான்’ எட்டிப் பார்த்தால் அவையோர் பொறுத்தருள்க.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லியாக வேண்டும். இம்மடலின் கடைசிப் பகுதி இன்று காலை பதினொரு மணிவரை எழுதப்படவில்லை. சட்டம் போடுபவர் மூன்று முறை ஆள் அனுப்பினார், நான்காம் முறை தாமே வந்து நின்றார். காரணம் அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏழாம் எண் படுக்கையில் இருக்கும் பேருந்து ஓட்டுநரின் வலது பாதம் நாளைக்கும் அவரிடம் இருக்குமா, இருக்காதா என்பது இன்று காலை பத்து மணிக்குக் கட்டைத் திறந்தால்தான் தெரியும் என்றிருந்தது. திறந்தாகிவிட்டது. அவையில் அது தெரியாத முக்கியமான ஆள் நீங்கள் ஒருவர்தான். தெரிந்துகொள்ள மாட்டேன் என்று நீங்களே எழுந்து போய்விட்டீர்கள். அந்தக் கோபம் எங்களுக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் கோபங்கள் பல இருப்பதால், முறைப்படி தொடங்குகிறோம்.

முதற்கண் உங்கள் பயிற்சி முறையைப் பல்லைக் கடித்துக்கொண்டு போற்றுகிறோம். இப்பிரிவில் பணிக்குச் சேரும் எவரும், செவிலியரானாலும் மருத்துவரானாலும் துப்புரவுப் பணியாளரானாலும், முதல் நாளே இடது முன்கையை நீட்ட வேண்டும். அங்கே புண்ணின் மேல் ஒட்டும் கட்டுத்தாள் ஒன்றை ஒட்டுவீர்கள். அதோடு குளிக்க வேண்டும், அதோடு உறங்க வேண்டும், அதோடு பேருந்தில் இடிபட வேண்டும். ஏழாம் நாள் ஒருவருக்கு ஒருவர் பிரித்துவிட வேண்டும். வெடுக்கென்று பிரித்தவருக்கு மறுபடி ஒன்று ஒட்டி, அதை வெடுக்கென்று பிரிக்க நீங்களே வந்து நிற்பீர்கள். “வலிச்சுதா? சொல்லத் தெரியாதவங்களுக்கும் அப்படித்தான் வலிக்கும்” என்று ஒரு வாக்கியம், அதோடு பாடம் முடிந்தது. எங்கள் அறுவை மருத்துவர் தம் மகளின் திருமணப் படங்கள் அனைத்திலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் மிடுக்கு என்று சம்பந்தி வீட்டார் இன்றும் நம்புகிறார்கள். அது மிடுக்கு அல்ல, முடி பிடுங்கப்பட்ட ஒரு சதுரம்.

அடுத்து உங்கள் அறிவைப் போற்றுகிறோம். புண்ணுக்குத் துணியும் பஞ்சும் போதும் என்றிருந்த இடத்தில், கடற்பாசியிலிருந்து எடுத்த இழையையும், இறால் ஓட்டிலிருந்து செய்த தாளையும், தண்ணீரைத் தன்னுள் தேக்கி நிற்கும் கூழ்த்தகட்டையும், கசிவைக் குடிக்கும் நுரைப்பட்டையையும் கொண்டுவந்து அலமாரியை நிரப்பியவர் நீங்கள். புண் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று நம்பிய எங்களை, ஈரம் இருந்தால்தான் புதுத்தோல் நகரும் என்று நம்ப வைக்க உங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு நோயாளியின் உறவினரையும் நம்ப வைக்க அன்றாடம் நான்கு மணி நேரம் ஆயிற்று. “கொஞ்சம் காத்தாட விடுங்களேன், சிஸ்டர்” என்று யாராவது வாயெடுத்தால் போதும், அன்றைய பகலுணவு எங்களுக்கு ஆறிப்போகும். சோற்றில் கை வைத்தபடியே சீழின் நிறங்கள் நான்கையும் அவற்றின் வாடையோடு விளக்கும் வல்லமை உங்களுக்கு இருந்தது. இப்பிரிவில் இருவர் மெலிந்திருக்கிறார்கள் என்றால் அதன் பெருமை முழுவதும் உங்களையே சாரும்.

விற்பனையாளர் ஒருவர் ஒருமுறை வெள்ளி பூசிய தாளைப் பளபளவென்று விரித்துக் காட்டினார். “எந்தப் புண்ணுக்கு?” என்றீர்கள். “எல்லாப் புண்ணுக்கும், மேடம்” என்றார். “அப்ப எந்தப் புண்ணுக்கும் இல்ல” என்று சொல்லிவிட்டு, மாதிரித் தாளில் ஒரு துண்டை வெட்டி உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டு, மூன்று நாள் கழித்து வரச் சொன்னீர்கள். அவர் வந்தார். கிண்ணத்தை நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னீர்கள். அதன்பிறகு அவர் எங்கள் மாடிக்கு வருவதில்லை, கீழ்த்தளத்திலேயே நின்று, “மேடம் லீவா?” என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவார்.

உங்கள் எழுத்து வெறியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டவர்கள் ஆவோம். ஒவ்வொரு கட்டின் மேலும் மூடிய நாள், திறக்கும் நாள், மூடியவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். புண்ணுக்குப் பக்கத்தில் அளவுத்தாளை வைக்காமல் எடுத்த படம் படமே அல்ல. “நல்லா இருக்குக்கா” என்று யாராவது சொன்னால், “நல்லாவா? எத்தனை மில்லிமீட்டர் நல்லா?” என்பீர்கள். பண்டகக் காப்பாளர் இம்மடலில் தமக்கு ஒரு வரி வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் அதையும் சேர்க்கிறோம்: கட்டுத்தாள் பெட்டிகள் வெந்நீர்க் கலனுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று நீங்கள் மூன்று முறை இடம் மாற்றச் சொன்னது சரிதான் என்றும், ஆனால் மூன்று முறையும் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்றும் அவர் தெரிவிக்கிறார்.

இனி ஓட்டுநரின் பாதத்துக்கு வருகிறோம்.

பதினைந்து நாட்களுக்கு முன் அவர் இங்கே வந்தபோது வலது பாதத்தின் மேற்புறத்தில் ஆறு புள்ளி இரண்டு சென்டிமீட்டர் நீளம், நான்கு புள்ளி ஒன்று அகலம். புதுச் செருப்பு கடித்திருக்கிறது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. பதினொரு நாள் அதோடே பேருந்து ஓட்டியிருக்கிறார். ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. ஆனால் சதை அழிந்து, விரலை இழுக்கும் தசைநாண் இரண்டு இடங்களில் வெள்ளையாக வெளியே தெரிந்தது. அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, “நாண் திறந்து கிடக்குது. கிருமி இது வழியா ஏறுச்சுன்னா முழங்கால் வரைக்கும் போயிடும். அதுக்கு முன்னாடி முன்பாதத்தை எடுத்துடறதுதான் நல்லது” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஓட்டுநரின் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “முன்பாதம் இல்லாம பிரேக்கை எதால மிதிப்பாரு, டாக்டர்?”

நீங்கள்தான், “பதினஞ்சு நாள் குடுங்க” என்றீர்கள். அறுவை மருத்துவர் நாட்காட்டியைப் பார்த்தார். பதினைந்தாம் நாள் உங்கள் பணி நிறைவு நாள் என்பதை அவர் கவனித்தார், நீங்கள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “பதினஞ்சு. பதினாறு கிடையாது” என்று சொல்லி, பதினாறாம் நாளின் அறுவைப் பட்டியலில் முதல் பெயராக அவரை எழுதிவைத்தார்.

அலமாரியில் செல்கள் நீக்கி உலர்த்திய மீன்தோல் தாள் இரண்டு இருந்தன. புண்ணின் மேல் விரித்தால் உடம்பின் செல்கள் அதற்குள் ஏறிப் படர்ந்து, பந்தலில் கொடி படர்வதுபோல் புதுச்சதை வளரும். தாள் மெல்லக் கரைந்து அதோடு ஒன்றிப்போகும். இதை நீங்கள் விளக்கியபோது ஓட்டுநரின் மனைவி, “மீன் தோலா? செதிலெல்லாம் எடுத்தாச்சா?” என்று கேட்டார். “எடுத்தாச்சு, முள்ளும் இல்ல” என்றீர்கள், முகத்தில் ஒரு கோடும் அசையாமல். “அப்ப நான் நீந்தலாமா?” என்றார் ஓட்டுநர். “நடக்கவே கூடாதுன்னு சொல்லிட்டிருக்கேன், நீந்துறாராம்” என்று சொல்லி, முதல் தாளை விரித்து, நுரைப்பட்டையால் மூடி, அதன் மேல் ஏழாம் நாளின் தேதியைப் போட்டு, கீழே ‘அதுவரை திறக்க வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினீர்கள்.

மூன்றாம் நாள் உங்கள் ஓய்வூதியத் தாள்களில் கையெழுத்திட நீங்கள் தலைமை அலுவலகம் போயிருந்தீர்கள். அன்று அந்தக் கட்டின் ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்தது. வாடையும் வந்தது. நானும், எப்போதும் கையுறைக்கு மேல் கையுறை போடுவதால் ‘இரட்டைக் கையுறை’ என்று நீங்கள் அழைக்கும் மூத்த செவிலியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொட்டை எழுத்தைப் படித்தோம். படித்துவிட்டுத்தான் திறந்தோம். உள்ளே பழுப்பும் மஞ்சளுமாய், காய்ச்சிய வெல்லப் பாகு பிசுபிசுத்ததுபோல் ஒரு படலம். சீழ் கோத்துவிட்டது, நல்லவேளை நாம் பார்த்தோம் என்று நினைத்தோம். உப்புநீரும் துணியும் கொண்டு நாற்பது நிமிடம் துடைத்தோம். சிவந்து ரத்தம் கசியும்வரை துடைத்தோம். அளவுத்தாளை வைத்துப் படமும் எடுத்தோம், பெருமையோடு.

நாங்கள் துடைத்தது சீழ் அல்ல. அந்தத் தாள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தது. கரைந்து, நிறம் மாறி, கடல் வாடை வீசி, உள்ளே சதைக்கு வழிவிட்டுக்கொண்டிருந்ததை, சுத்தம் என்ற பெயரில் நாங்கள் வழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டோம். அழுக்காய் இருப்பதையெல்லாம் அழித்துவிடத் துடிக்கும் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. அசட்டையாக இருந்திருந்தால் அந்தத் தாள் பிழைத்திருக்கும்.

நீங்கள் திரும்பி வந்து, தட்டில் கிடந்த துணிகளைப் பார்த்தீர்கள். “எவ்வளவு நேரம் தொடச்சீங்க?” என்றீர்கள். “நாப்பது நிமிஷம்க்கா” என்றேன். “நல்லா தொடச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனீர்கள். அவ்வளவுதான். வாளி நகர்த்திய சத்தத்துக்கெல்லாம் வார்டு அதிரத் திட்டுபவர், இதற்கு ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு நாள் காத்திருந்தோம். திட்டித் தொலைத்திருந்தால் அழுது முடித்துச் சாப்பிட்டிருப்போம். நீங்களோ நிகழ்வு அறிக்கையில், ‘மூன்றாம் நாள் இத்தாள் எப்படித் தோன்றும், எப்படி வாடை வீசும் என்பதை நான் இவர்களுக்குக் காட்டித் தரவில்லை. பிழை என்னுடையது’ என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுப் பதிவேட்டில் ஒரு கறை இல்லை. கடைசி இரண்டு வாரத்தில் எங்களுக்காக ஒன்றைப் போட்டுக்கொண்டீர்கள். அக்கா, நீங்கள் எழுதியது பாதி உண்மை. மீதிப் பாதி எங்களுடையது. அதை ஏன் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்? இதை இந்த அவையில், கண்ணாடிக்குள் போகப்போகும் இந்தத் தாளில் எழுதுகிறோம்: எழுதியிருந்ததைப் படித்த பிறகும் திறந்தவர்கள் நாங்கள். அறிக்கை திருத்தப்பட வேண்டும் என்று நேற்று நாங்கள் இருவரும் விண்ணப்பித்துவிட்டோம்.

ஓட்டுநரிடம் நீங்களே போய், எங்களையும் பக்கத்தில் நிற்க வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னீர்கள். ஒரு தாள்தான் மீதி, கெடுவும் நீளாது, துடைத்த ரணம் தணிய ஐந்து நாள் கூழ்த்தகடு போட்டு, எட்டாம் நாள்தான் இரண்டாவதை விரிக்க முடியும் என்றீர்கள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தோம். “புதுசா வந்தவன் கியர் மாத்தினா சத்தம் வரத்தான் செய்யும்” என்றார். அவர் மனைவி மட்டும் இரண்டு நாள் எங்களிடம் பேசவில்லை. அது நியாயம்தான். அவருக்கு நாங்கள் இன்னும் முழுதாக மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.

இரண்டாம் தாளை விரித்த பிறகு நீங்கள் எங்களைப் படுத்திய பாட்டைத் தனி மடலாகத்தான் எழுத வேண்டும். பகல் தூக்கத்தில் அவர் பேருந்து ஓட்டுவார். எதிரே யாராவது குறுக்கே வந்தால் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை வலது காலால் ஓங்கி மிதிப்பார். அதைத் தடுக்கப் பாதத்துக்கு அரைமாவுக்கட்டுப் போட்டு, கம்பிக்கும் அதற்கும் நடுவே தலையணைகளைச் செருகி, அவர் கண் அயரும்போதெல்லாம் எங்களில் ஒருவரைக் கால்மாட்டில் உட்கார வைத்தீர்கள். பணி மாறும்போதெல்லாம் ஒவ்வொருவரும் கட்டின் ஓரத்தை முகர்ந்து, முகர்ந்ததை எழுத வேண்டும். ‘வாடை உண்டு’ என்று எழுதினால் அடித்துவிட்டு, என்ன வாடை என்று கேட்பீர்கள். அந்தத் தாளை விரித்த ஐந்தாம் நாள் மறுபடி மஞ்சளாகக் கசிந்தது. யாரும் இல்லை என்று நினைத்து நான் கட்டின் ஓரத்தில் விரலை வைத்தேன். திரும்பினால் நீங்கள் கதவருகே நிற்கிறீர்கள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள். நான் விரலை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு உங்கள்மேல் வந்த ஆத்திரத்தை எழுதச் செந்தமிழில் சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

இன்று காலை பத்து மணி. தட்டு தயார், விளக்கு தயார், அறுவை மருத்துவர் வந்து நிற்கிறார். நீங்கள் கையுறையை எடுத்து என் கையில் கொடுத்து, “நீ திற. நான் வெளிய இருக்கேன்” என்றீர்கள்.

“நீங்க பாக்க வேணாமாக்கா?”

“நாளைக்கு நான் இருக்க மாட்டேன். இன்னைக்கும் நான் நின்னா, நீங்க புண்ணைப் பாக்க மாட்டீங்க, என் மூஞ்சியைத்தான் பாப்பீங்க. எழுதி வைங்க. சாயங்காலம் கேட்டுக்கறேன்.”

அவ்வளவு சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தில் ஓட்டுநரின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். நாங்கள் முடித்து வெளியே வந்தபோது சாவிகளை ஒப்படைக்க வேண்டும் என்று பண்டக அறைக்குப் போய்விட்டிருந்தீர்கள். வேண்டுமென்றே போனீர்கள், எங்களுக்குத் தெரியும். பத்தொன்பது ஆண்டுகள் எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, மூச்சு விடவும் இடம் தராமல் நின்ற நீங்கள், உங்களை நாங்கள் உண்மையாகவே தேடிய ஒரே ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்காருகிறீர்கள். இதை எந்த அடைமொழியில் அடக்குவது? ஓட்டுநரிடமும் அவர் மனைவியிடமும், நண்பகலில் உங்களைப் பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளையிட்டோம். நீங்கள் படுத்திய பாட்டுக்குச் சில மணி நேரம் நீங்களும் தவிக்க வேண்டும் என்றுதான். அந்த அம்மா உங்களைக் கண்டதும் கழிப்பறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். அதை வைத்து நீங்கள் என்ன முடிவுக்கு வந்தீர்களோ தெரியாது.

எழுதி வைக்கச் சொன்னீர்கள். எழுதியிருக்கிறோம். அலங்காரம் இதற்குமேல் இல்லை.

நேரம் காலை பத்து மணி ஏழு நிமிடம். வெளிக்கட்டு முக்கால் பங்கு நனைந்திருந்தது. வாடை உண்டு, கடல் வாடை, சீழ் வாடை இல்லை. உள்ளே பழுப்பு மஞ்சள் படலம். துணி வைக்கவில்லை. உப்புநீரை ஊற்றி, தானாக வந்ததை மட்டும் வரவிட்டோம். நீளம் ஐந்து புள்ளி நான்கு, அகலம் மூன்று புள்ளி மூன்று. விளிம்பில் எல்லாப் பக்கமும் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல், அகலமான இடத்தில் நான்கு மில்லிமீட்டர். அடியில் பொடிப்பொடியாகச் சிவந்த புதுச்சதை. நாண் தெரிந்த முதல் இடம் முழுவதும் மூடிவிட்டது. இரண்டாம் இடத்தில் அரிசி அளவு வெள்ளையாகத் தெரிந்தது.

அறுவை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, விளக்கை இழுத்துக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். எனக்கு உங்களைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கதவு நான்கே அடி. நான் கூப்பிடவில்லை. அறுவை மருத்துவர் சொன்னபடி, அந்த வெள்ளையின் மேல் இன்னும் கொஞ்சம் உப்புநீர் ஊற்றினேன். அது அசைந்தது. நாண் அசையாது, தாளின் கரையாத துண்டுதான் அசையும். அது மிதந்து ஒதுங்கியது. அதன் அடியிலும் சிவப்பு.

நாண் எங்கும் தெரியவில்லை. அறுவை மருத்துவர் நாளைய பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, முதல் பெயரைத் தம் பேனாவாலேயே அடித்தார். ஓட்டுநர், “இருக்குங்களா?” என்று கேட்டார். இரட்டைக் கையுறை, “இருக்குங்க” என்றார். பத்து மணி முப்பத்தைந்துக்கு மூடினோம். ஆறுவதற்கு இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். அடுத்துத் திறக்கும் நாள் வரும் வெள்ளிக்கிழமை. திறப்பவர் என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள். அது எங்களுக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு எரிச்சலூட்டினாலும், நீங்கள் இல்லாத அந்த அறையை நினைத்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. உங்களை நாங்கள் மிகவும் விரும்புகிறோம், அக்கா. இதை இத்தனை ஆண்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, நீங்கள் சொல்லவிட்டதும் இல்லை.

தோல் காத்த தூயவரே, நலமோடு நீடு வாழ்க! ஊரார் பாதங்களையெல்லாம் மடியில் ஏந்தி, சொந்தக் குதிகால் வெடிப்பைப் பத்தொன்பது ஆண்டுகள் திரும்பியும் பாராதவரே, இனியேனும் அதற்கு ஏதாவது தடவிக்கொண்டு வாழ்க! முழங்கால் நோகாமல், மூச்சு இரைக்காமல், பகலுணவைப் பதற்றமின்றி உண்டு, பேரப்பிள்ளைகளின் முன்கையில் எதையும் ஒட்டாமல், நூறாண்டு நிறைவாக வாழ்க!

ஏழாம் எண் படுக்கையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். போய் வாருங்கள்.

இங்ஙனம்,
துடைக்காமல் கை கட்டி நிற்கக் கற்றுக்கொண்ட
புண் சிகிச்சைப் பிரிவின் செவிலியர், மருத்துவர், பண்டகக் காப்பாளர், துப்புரவுப் பணியாளர் அனைவரும்